மரத்தை அச்சாக வைத்து நுண்துளை செராமிக்: பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (பீன்யா, ஃபவுண்டரி சூப்பர்வைசர்): சார், களிமண்ணில் மரத்தூள் கலந்து சுட்டாலே துளை விழுதே. மரத்தையே எதுக்கு அச்சா வைக்கணும்?

பதில்: விழும். ஆனா தூள் எரிஞ்ச இடமெல்லாம் தாறுமாறான குழிதான். மரத்துக்குள்ள தண்ணி ஏறின குழாய்கள் ஒரே திசையில வரிசையா இருக்கு. பைன் மாதிரி ஊசியிலை மரங்கள்ல குறுக்களவு 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரம் மைக்ரான்). பிரம்புல 200, 300 வரை போகும். அந்த வரிசை குலையாம செராமிக்கா மாத்துறதுதான் நோக்கம். வழக்கமான வழி: முதல்ல மரத்தைக் கரியாக்கி, அந்தக் கரியில உருகின சிலிக்கானை ஏத்தினா சிலிக்கான் கார்பைடுங்கிற செராமிக் ஆகும். சூடான வாயுவை வடிகட்ட, வினையூக்கியைத் தாங்க இது உதவும். குடிநீர் ஃபில்டருக்கு மட்டும்னா மரத்தூளே போதும், வீண் செலவு வேண்டாம்.

கேள்வி (யஷ்வந்த்பூர், எம்.டெக். மாணவி): மரத்தை நைட்ரஜன் வாயுவுலதான் கரியாக்குறேன். சூட்டை நிமிஷத்துக்கு 5 டிகிரி ஏத்தினா துண்டு பிளந்துடுது சார்.

பதில்: அந்த 5 டிகிரிதாம்மா பிரச்சினை. மரம் ஆகியிருக்கிற பொருள்கள்ல, 200 டிகிரிக்கு மேல ஹெமிசெல்லுலோஸ் உடைய ஆரம்பிக்கும், 300 தாண்டினா செல்லுலோஸ். ரெண்டும் வாயுவா வெளியேறும் நேரத்துல அவசரப்பட்டா உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். முதல்ல 105 டிகிரியில ராத்திரி முழுக்க உலர்த்து. அப்புறம் 500 வரை நிமிஷத்துக்கு 1 டிகிரி. அதுக்கு மேல கொஞ்சம் வேகமா 900 வரை போகலாம். நார் ஓடும் திசையில துண்டு குட்டையா இருக்கட்டும்; வாயு அந்த முனைகள் வழியாத்தான் தப்பிக்கும்.

எடையில முக்கால் பங்கு போயிடும். நீளம் சுமார் 20 சதவீதம் சுருங்கும், குறுக்கே 30-க்கும் மேல. அதுவும் மரத்தோட வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில இன்னும் அதிகம். அதனால வட்டமா கடைஞ்சு வச்சது முட்டை வடிவத்துல வரும். முன்கூட்டியே கணக்குப் போட்டு வெட்டிக்கோ. வந்த கரியை மேஜையில லேசா தட்டிப் பார். கணீர்னு உலோகச் சத்தம் வந்தா நல்ல துண்டு. பொத்துன்னு கேட்டா உள்ளே விரிசல், சிலிக்கானை அதுல வீணாக்காதே.

கேள்வி (அதே மாணவி): சிலிக்கான் எவ்வளவு போடணும்?

பதில்: 12 கிராம் கார்பனுக்கு 28 கிராம், அதாவது 1-க்கு 2.3. கொஞ்சம் கூடவே வை. சிலிக்கான் 1414 டிகிரியில உருகும். வெற்றிடத்துல 1550 பக்கம் பிடிச்சா நுண்குழாய்களே அதை உறிஞ்சிக்கும், கார்பனோட சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும். ரொம்ப அதிகமானா சின்னத் துளைகள்ல சிலிக்கான் தங்கி அடைச்சுக்கும். அதை ஹைட்ரோஃப்ளூரிக், நைட்ரிக் அமிலக் கலவையில கரைச்சு எடுக்கிறாங்க. ஹைட்ரோஃப்ளூரிக் தோல்ல பட்டா சில நேரம் உடனே வலிக்காது, ஆனா உள்ளே போய் உடம்போட கால்சியத்தையே பிடிச்சுக்கும். பயிற்சி இல்லாம, அதுக்கு முதலுதவியான கால்சியம் குளுகோனேட் ஜெல் கைவசம் இல்லாம, அந்தப் பாட்டிலைத் தொடாதே.

கேள்வி (பாட்டரி டவுன் (குயவர் பகுதி) பக்கம் ஸ்டுடியோ வச்சிருக்கேன்): என்கிட்ட எலக்ட்ரிக் சூளை மட்டும்தான் தம்பி. ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டுக்கா, வெற்றிடம் கேட்கிற சிலிக்கான் கார்பைடு மட்டும் வேண்டாம். மரத்தை வெந்நீர்ல கொதிக்க வச்சு பிசினை இறக்கிட்டு, உலர்த்தி, டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்ங்கிற, சிலிக்கா தர்ற திரவத்தோட கரைசல்ல ஊற வைங்க. காய வச்சு மறுபடி ஊற வைங்க. ஒரு தடவையோட விட்டா சாம்பலா உதிரும். அப்புறம் காத்தோட்டத்துல மெதுவா 600 வரை கொண்டுபோனா மரம் எரிஞ்சு போய் சிலிக்கா நகல் நிக்கும். கரைசலோட ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க. நகல் அப்பளத்தை விட நொறுங்கும், விரலால தூக்காதீங்க.

கேள்வி (மைசூர் ரோடு, மரக்கடை): எந்த மரம் எடுக்கலாம்?

பதில்: பழகுறதுக்கு பால்சா. சென்னபட்டணம் பொம்மைக்குக் கடையுற வெட்பாலையும் நல்லது, நுண்ணிய நார். தேக்கு வேண்டாம்: எண்ணெய்ப் பசை கரைசலை ஏத்துக்காது, வளையத்துக்கு வளையம் துளை அளவும் மாறும். மரம் எதுன்னு சந்தேகம்னா மல்லேஸ்வரம் 18-வது கிராஸ்ல மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, கேட்டுப் பாருங்க.

கேள்வி (அல்சூர்): மரத்துலருந்து எலும்பு செய்யுறாங்களாமே, நிஜமா?

பதில்: நிஜம். இத்தாலியில ஃபாயென்சா ஊர் ஆய்வாளர்கள் பிரம்பைக் கரியாக்கி, கால்சியம் ஆவியில கார்பைடாக்கி, பிறகு ஆக்சைடு, கார்பனேட், கடைசியா பாஸ்பேட் ஏத்தி ஹைட்ராக்ஸிஅபடைட்டா மாத்தினாங்க. நம்ம எலும்புல இருக்கிற அதே வகைக் கனிமம். பிரம்பு ஏன்னா, அதோட பெரிய குழாய்கள்ல ரத்த நாளம் வளர்ந்து நுழைய இடம் இருக்கு.