ஒரு நாள் குழு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் எனக்குப் புதிது. நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை வைத்து அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடேயின் பழைய பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தேன். குரல் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு குழப்பம். மூன்று நிமிடப் பாட்டில் வாத்தியங்கள் ஒரு சுற்று வாசித்து முடித்த பிறகுதான் சில சமயம் இவர் வாயே திறக்கிறார். இசைத்தட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் பெயரும் இவருடையது அல்ல, டெடி வில்சன் என்று இருக்கிறது. நம் கச்சேரியில் பாடகர் நடுவில், மற்றவர்கள் பக்கவாத்தியம். அங்கே யார் யாரைச் சேர்த்தார்கள்? அது அவருடைய குழுவா, ரெக்கார்டிங்குக்கு வந்துபோன ஆட்களா?

ர., கோவை

அன்புள்ள ர.,

வந்துபோன ஆட்கள்தான். ஆனாலும் அது குழுதான்.

1935 ஜூலை 2ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோ. பில்லிக்கு 20 வயது. பியானோவில் டெடி வில்சன், வயது 22. ஆட்களைச் சேர்த்தது அவர்தான், அதனால்தான் தட்டில் அவர் பெயர். பின்னால் இருந்து இருவரையும் இணைத்துவிட்டவர் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட். 1933இல் ஹார்லெமில் பில்லி பாடிக் கேட்டதிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆள். பென்னி குட்மேன் கிளாரினெட், ராய் எல்ட்ரிட்ஜ் டிரம்பெட், பென் வெப்ஸ்டர் சாக்ஸபோன், கோஸி கோல் டிரம்ஸ். ஆளுக்கொரு ஊர் சுற்றும் குழுவில் வேலை பார்த்தவர்கள். அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் வந்தார்கள். மறுநாள் அந்தக் குழு இல்லை.

பொருளாதார மந்தத்தில் இசைத்தட்டு வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. மதுக்கடைகளில் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸுக்கு மட்டும் புதுத் தட்டு வேண்டியிருந்தது, அதுவும் மலிவாக. பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ராயல்டி கிடையாது. ஒத்திகைக்கு நேரம் ஏது? பில்லியும் வில்சனும் முன்கூட்டியே பியானோவில் உட்கார்ந்து எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று முடிவு செய்துகொள்வார்கள். மற்றதெல்லாம் அங்கேயே, பேச்சுவாக்கில். பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு; 32 பார் கொண்ட சுற்று என்ற அச்சு எல்லோருக்கும் மனப்பாடம். நீ ஆரம்பி, இந்த எட்டு பார் உனக்கு, அந்த எட்டு பார் எனக்கு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கச்சேரியில் பாடகர் பாடிக்கொண்டே வந்து மிருதங்கத்துக்குத் தனி விடுவார். இந்தத் தட்டுகளில் பாடகிக்கும் ஒரு தனி கொடுத்தார்கள், அவ்வளவுதான். பில்லி அதில் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. ஊதுகிறவர்களில் தானும் ஒருத்தி என்பதுபோலவே பாடினார். சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்துப் போடுவது, மெட்டை நசுக்கி நாலைந்து சுரத்துக்குள் அடக்குவது எல்லாம் வாத்தியக்காரர் புத்தி. 1936 ஜூலையிலிருந்து அவர் பெயரைப் போட்டே தட்டுகள் வர ஆரம்பித்தன. அப்போதும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

இருந்தாலும் என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான குழு 1937இல்தான் அமைந்தது. பியானோக்காரர் கவுண்ட் பேஸியின் குழு நியூயார்க்குக்கு வந்திருந்தது. அதிலிருந்து லெஸ்டர் யங் சாக்ஸபோன், பக் கிளேட்டன் டிரம்பெட், ஃப்ரெட்டி கிரீன் கிதார், வால்டர் பேஜ் பேஸ், ஜோ ஜோன்ஸ் டிரம்ஸ். இந்த ஐவரையும் ஜனவரியிலேயே வில்சன் பில்லியோடு உட்கார வைத்துவிட்டார். ஜூன் 15ஆம் தேதி பதிவான 'மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ' பாட்டைத் தேடிக் கேளுங்கள். கடைசிச் சுற்றில் பில்லி பாடப் பாட லெஸ்டர் பக்கத்திலேயே வருகிறார். பில்லி மூச்சு விடுகிற இடத்தில் நுழைகிறார், சொல் வந்ததும் ஒதுங்குகிறார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் முடித்து வைப்பதுபோல இருக்கும். நிஜமாகவே லெஸ்டர் கொஞ்ச காலம் பில்லி வீட்டில், அவர் அம்மாவின் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு தங்கியிருந்தார். பில்லி லெஸ்டருக்கு வைத்த பெயர் 'பிரெஸ்', பிரசிடென்ட் என்பதன் சுருக்கம்; லெஸ்டர் பில்லிக்கு வைத்தது 'லேடி டே'.

சம்பளத்துக்குச் சேர்ந்த குழுக்கள் அவருக்கு நிலைக்கவில்லை. பேஸியிடம் ஓராண்டுகூட இல்லை. 1938இல் கிளாரினெட்காரர் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவில் பாடினார். பில்லியோ கறுப்பினப் பெண். குழுவுக்கு அவர் வேண்டும், ஊருக்கு வேண்டாம். தெற்கே போனால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அல்லாட வேண்டும். கடைசியில் நியூயார்க்கிலேயே ஒரு ஹோட்டலில், வாசல் வழியாக வராதே, சரக்கு ஏற்றும் லிஃப்டில் போ என்றார்கள். அந்த ஆண்டே விலகிவிட்டார். (தட்டில் பெயர் யாருடையது என்ற கேள்வி இதன் முன்னால் சின்னதாகிவிடுகிறது, இல்லையா?)

1957 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பழைய ஆட்களை மறுபடி சுற்றி நிற்கவைத்தார்கள். எல்ட்ரிட்ஜ், வெப்ஸ்டர், சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் எல்லோரும் இருந்தார்கள். பில்லியும் லெஸ்டரும் அதற்குள் விலகிப்போயிருந்தார்கள். இருவர் உடம்பும் கெட்டிருந்தது. பாட்டு பில்லி எழுதிய ப்ளூஸ், 'ஃபைன் அண்ட் மெல்லோ'. முதலில் வெப்ஸ்டர் வாசிக்கிறார். அப்புறம் லெஸ்டர் எழுந்து வருகிறார். ஒரே ஒரு சுற்று, 12 பார். மற்றவர்கள் வாசித்ததைவிடச் சுரங்கள் குறைவு. பில்லி ஸ்டூலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு, லேசாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார், ஜூலையில் பில்லி.

அந்தப் படத்துண்டு இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு பில்லியின் முகத்தை மட்டும்.