பரமக்குடியில் ஆலிவ் காய்க்குமா?

கேள்வி: சவூதி அரேபியாவில் ஸகாகா பக்கம் ஓர் ஆலிவ் பண்ணையில் வேலை செய்கிறேன். மரத்தடியில் பழம் கொட்டிக் கிடக்கிறது. விதையை எடுத்து முளைக்கவைக்க முடியுமா? எங்கள் பரமக்குடியும் வெயில் காய்கிற ஊர்தானே, அங்கே கொண்டுபோய் நட்டால் காய்க்குமா?

பதில்: ஊர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மரம் வளரலாம், காய்ப்பை நம்பாதீர்கள். ஆலிவ் பூக்க வெயில் மட்டும் போதாது, நல்ல குளிர்காலமும் வேண்டும். நீங்கள் இருக்கும் பக்கம் ஜனவரி இரவு 5 டிகிரிக்கு இறங்கும். ராஜஸ்தானில் 2008-ல் இஸ்ரேல் உதவியோடு நடத் தொடங்கினார்கள், 2014-ல் பீக்கானேர் மாவட்டத்து லூன்கரன்சரில் எண்ணெய் ஆலையே வந்தது. அங்கேயும் குளிர் உண்டு. பரமக்குடியில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். போதாததற்குக் கரிசல் மண். ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டினால் வேர் அழுகிவிடும். உரிய சான்றிதழ் இல்லாமல் விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் தப்பு.

அங்கேயே முளைக்க வையுங்கள். நன்றாகக் கறுத்த பழமாக எடுங்கள். (டப்பா ஆலிவின் கொட்டையை நட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. உப்புநீரில் மாதக்கணக்கில் கிடந்தது எங்கே முளைக்கும்?) சதையை நீக்கி, மணல் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். ஓடு மகா கெட்டி. கட்டிங் பிளையரால் முனையைக் கொஞ்சமாக நறுக்குங்கள், உள்ளே பருப்பு நசுங்கக் கூடாது. ஒரு நாள் ஊறவைத்து, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். நவம்பர் சரியான மாதம். சூடேறிய மண்ணில் இது முளைக்க மறுக்கும், 15 முதல் 20 டிகிரிதான் தோது. ஒன்றிரண்டு மாதம் ஆகும், சில கொட்டைகள் அதற்கு மேலும் இழுக்கும்.

அப்புறம், கன்று தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று நினைக்காதீர்கள். மாங்கொட்டையைப் போட்டு இமாம்பசந்துக்குக் காத்திருக்கிற கதைதான். பழம் பொடிசாகிவிடலாம், பூக்கவே பத்து வருஷம் ஆகலாம். அதனால்தான் நாற்றங்கால்களில் குச்சியை வேர்விட வைத்துக் கன்று எடுக்கிறார்கள். விதைக்கன்றை நான் வேர்ச்செடியாக மட்டுமே மதிப்பேன். தண்டு பென்சில் கனத்துக்கு வந்ததும் நல்ல மரத்துக் குச்சியை அதில் ஒட்டுக் கட்டுங்கள். எந்த வரிசையில் என்ன ரகம் என்று பண்ணையில் இப்போதே கேட்டு வையுங்கள். அர்பெக்கினா இருந்தால் விடாதீர்கள், சீக்கிரம் காய்ப்புக்கு வரும் ரகம் அது.