மணி அடித்துவிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கோவையில் வசிக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. நான்கு ஆண்டுகளாகக் காலையில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். வார நாட்களில் வீட்டுக்கு அருகிலுள்ள குளக்கரைப் பாதையில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் எட்டுப் பத்துப் பேருடன் சிறுவாணி சாலையில். குளக்கரையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் கலந்தே செல்கிறோம்.

சென்ற வாரம் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரைக் கடப்பதற்காக, ஐந்தாறு மீட்டர் இருக்கும்போது மணி அடித்தேன். என் வேகம் இருபது கிலோமீட்டர் இருக்கும். இடப்பக்கம் சென்றுகொண்டிருந்தவர், சத்தம் கேட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பி என் பாதைக்குள் வந்துவிட்டார். பிரேக் பிடித்தும் கைப்பிடி தோளில் பட்டு அவர் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. "மணி அடித்தேனே, ஐயா" என்றேன். "மணியடிச்சா ஒதுங்கறதுக்கு நானென்ன மாடா?" என்று கேட்டார். கண்ணாடிக்குப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று எழுதப்பட்ட விதி ஏதேனும் உண்டா? சிறுவாணி சாலையில் கார்கள் எங்களை உரசிக்கொண்டு போகின்றன. கேட்டால், ஒற்றை வரிசையில் போகாதது எங்கள் தப்பு என்கிறார்கள். குளக்கரையிலும் நாங்களே குற்றவாளி, சாலையிலும் நாங்களே குற்றவாளி என்றால் சைக்கிள்காரன் எங்கேதான் போவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெரியவர் விழுந்ததற்குப் பெரும்பங்கு நீங்களே பொறுப்பு. நடந்ததை ஒளிக்காமல், ஐந்தாறு மீட்டர் என்ற தூரத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்; அந்த நேர்மையை நம்பியே இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மணிக்கு இருபது கிலோமீட்டர், அவர் ஐந்து. அப்படியானால் நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் நீங்கள் அவரை நெருங்கிக்கொண்டிருந்தீர்கள். ஆறு மீட்டரில் மணி அடித்ததாகவே கொண்டாலும், அவருக்குக் கிடைத்த அவகாசம் ஒன்றரை நொடிகூட இல்லை. அதற்குள் அந்தச் சத்தம் தனக்கானது என்று அவர் உணர வேண்டும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கணிக்க வேண்டும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுக்க வேண்டும், பிறகு எழுபதைத் தொடும் கால்களால் அதைச் செய்தும் முடிக்க வேண்டும். பின்னால் சத்தம் கேட்டால் மனிதர் முதலில் செய்வது ஒதுங்குவது அன்று, திரும்பிப் பார்ப்பது. வலத்தோள் வழியே திரும்பிப் பார்ப்பவரின் கால் பெரும்பாலும் வலப்பக்கமே நகர்கிறது. நாமோ நம் நாட்டு வழக்கப்படி வலப்பக்கமாகவே கடக்கிறோம். ஆகவே அவர் உங்கள் பாதைக்குள் வந்தது, பிந்தி ஒலித்த மணியின் விளைவு.

இதே மணியை இருபத்தைந்து மீட்டர் தொலைவில் ஒரு முறை மென்மையாக அடித்திருந்தால் அவருக்கு ஆறு நொடிகள் கிடைத்திருக்கும். அடித்துவிட்டு மிதிப்பதை நிறுத்தி, அவர் கேட்டாரா என்று பார்த்து, கேட்ட அடையாளம் தெரியாவிட்டால் நெருங்கும்போது நடை வேகத்துக்கு இறங்கி, "ஐயா, வலது பக்கம் வர்றேனுங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. மணி, தான் வருவதை மட்டும் சொல்கிறது. எந்தப் பக்கம் என்பதை வாய்தான் சொல்ல முடியும். லாரிகளின் பின்புறம் ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருப்பதைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். ஒலி எழுப்பிய நொடியிலேயே நம் பொறுப்பு முடிந்து, மற்றவரின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் ஊறிவிட்டது. பெரியவர் மாட்டை இழுத்துப் பேசியது உங்களைப் புண்படுத்தியிருக்கலாம். ஆனால் அவர் எதிர்த்தது இந்த எண்ணத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது.

எழுதப்பட்ட விதி உண்டா என்று கேட்டீர்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் சைக்கிள் மோட்டார் வாகனமே அன்று. எனவே குளக்கரைப் பாதையில் உங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் இடையில் அது ஏறத்தாழ மௌனமாக இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கு மட்டும் 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தெளிவாக இருக்கின்றன: நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் ஏறக் கூடாது, கோடு போட்ட கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். மோட்டார் அல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் விதி வகுக்க மாநில அரசுகளுக்கு இடம் தரும் பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் வந்தது. தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கை 2012-இல் தொடுத்தவர் உங்கள் ஊரின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்ற அரசுக் கணக்கைப் பார்த்தால், எலும்பு முறிவுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு மருத்துவர் நீதிமன்றப் படியேறியதில் வியப்பில்லை.

சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் மரபு பேசியிருக்கிறது. யாருக்கெல்லாம் வழிவிலகி நிற்க வேண்டும் என்று பழந்தமிழ் நீதிநூலான ஆசாரக்கோவை ஒரு பட்டியல் தருகிறது. அதன் தொடக்கத்தில் பார்ப்பாரும் தவசியரும் இருப்பது அக்காலப் படிநிலை. அதை அந்தக் காலத்தோடு விட்டுவிடலாம். அடுத்து வருபவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள்: சுமை சுமப்பவர், நோயுற்றவர், மூத்தவர், இளையவர். தலையில் சுமை உள்ளவரால் சட்டென்று திரும்ப முடியாது; நோயாளியாலும் முதியவராலும் விரைந்து விலக முடியாது; சிறு பிள்ளைக்கு எந்தப் பக்கம் விலகுவது என்றே தெரியாது. விலக இயலாதவருக்கு இயன்றவர் விலக வேண்டும் என்பதே அந்தப் பட்டியலின் தர்க்கம் என்று நான் வாசிக்கிறேன். பிரிட்டனின் சாலை நெறிநூலில் 2022 ஜனவரியில் சேர்த்த படிநிலையும், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்று, வேறொரு பக்கமிருந்து ஏறத்தாழ இங்கேயே வந்து சேர்கிறது.

இங்கே இன்னொரு கணக்கு. உங்கள் உடலும் சைக்கிளும் சேர்ந்து எண்பத்தைந்து கிலோ என்று கொள்வோம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் உங்களிடமிருந்த இயக்க ஆற்றல், அந்தப் பெரியவரிடம் இருந்ததைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. சிறுவாணி சாலையில் அறுபது கிலோமீட்டரில் வரும் ஒரு சிறிய காரிடம், இருபத்தைந்து கிலோமீட்டரில் செல்லும் உங்களிடம் இருப்பதைப் போல ஏறத்தாழ எழுபது மடங்கு. காரோட்டியின் ஹாரன் உங்கள் காதில் எப்படி விழுகிறதோ, அப்படித்தான் உங்கள் மணி அந்தப் பெரியவர் காதில் விழுந்தது. நீங்கள் இரண்டு வெவ்வேறு குறைகளை எழுதியிருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. காரோட்டியிடம் என்ன கேட்கிறீர்களோ, அதைக் குளக்கரையில் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சிறுவாணி சாலையைப் பொறுத்தவரை நான் முழுக்க உங்கள் பக்கம். ஒற்றை வரிசையில் போனால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பவர்கள் சாலையை அளந்து பார்த்ததில்லை. நம் இருவழிச் சாலையின் வழக்கமான தார்ப்பரப்பு ஏழு மீட்டர். ஒரு பக்கத்துக்கு மூன்றரை. சாலை ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு சைக்கிள் போகிறது, அதன் அகலம் சுமார் அறுபது சென்டிமீட்டர். பிரிட்டன் நெறிநூல் சைக்கிளைக் கடக்கும்போது விடச் சொல்லும் இடைவெளி குறைந்தது ஒன்றரை மீட்டர். வேகம் கூடினால் இன்னும் அதிகம். காரின் அகலம் சுமார் ஒன்றே முக்கால் மீட்டர். கூட்டினால் நான்கு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதாவது ஒற்றை வரிசையில் போகும் தனி ஒருவரை முறையாகக் கடப்பதற்குக்கூட, கார் நடுக்கோட்டைத் தாண்டியே தீர வேண்டும். எதிரே வண்டி வந்தால் பின்னால் காத்திருக்கத்தான் வேண்டும். எப்படியும் எதிர்ப்பக்கம் ஏறிக் கடக்க வேண்டிய கார், இருவர் இருவராகச் செல்லும் பத்துப் பேரை, நீண்டு கிடக்கும் ஒற்றை வரிசையைவிட ஏறத்தாழப் பாதி நேரத்தில் கடந்துவிடும். ஒற்றை வரிசை, இடுக்கில் நுழைந்து போய்விடலாம் என்ற பொய்யான நம்பிக்கையைத்தான் பல காரோட்டிகளுக்குக் கொடுக்கிறது.

இதை உங்கள் குழுவுக்கான உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைவிலும் ஊர்களுக்குள்ளும் சாலை குறுகும் இடங்களிலும் ஒற்றை வரிசைக்கு வந்துவிடுங்கள். பின்னால் ஐந்தாறு வண்டிகள் சேர்ந்துவிட்டால் அகலமான ஓர் இடம் பார்த்து ஒதுங்கி நின்று, கையசைத்து அனுப்பிவையுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குழு அப்படி ஒதுங்கி எனக்கு வழிவிட்டது. அதுவரை காருக்குள் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த சொற்களை இங்கே எழுத முடியாது. கடந்து போகும்போது கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னேன். சற்று வெட்கமாகவும் இருந்தது.

மெதுவாகச் செல்பவர்களுக்குக் கடமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியும்படி செல்வது அவர்களுடைய பங்கு. இதை நான் கற்றுக்கொண்டது என் தவற்றிலிருந்து. திருவான்மியூர்ப் பக்கம் விடிவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு, மழைநீர் தேங்கிய பள்ளத்தைத் தவிர்க்க ஒரே எட்டில் வலப்பக்கம் தாவினேன். பின்னால் வந்த சைக்கிள்கார இளைஞர் என்னைத் தவிர்க்கப்போய்த் தடுப்புச் சுவரில் மோதி நின்றார். அவர் மணி அடித்திருக்கிறார், குரலும் கொடுத்திருக்கிறார். அன்று பிழை முழுக்க என்னுடையது. அதன்பின் ஒரு காதைத் திறந்தே வைத்து ஓடுகிறேன். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வருவது கண்ணில் படும்படி வலப்பக்கமாக ஓடுகிறேன். இருட்டில் வெளிர்நிறச் சட்டை.

நான்கு பேர் கைகோத்ததுபோல் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பதைப் பற்றியும் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. பெண்ணின் கல்யாணத்தையும் மருமகனின் வேலையையும் பேசிக்கொண்டு நடக்கத்தான் அவர்கள் வருகிறார்கள். பேச்சு நின்றால் நடையும் நின்றுவிடும். யாராவது கேட்கும்போது இரண்டு பேர் பின்தங்கிக்கொண்டால் போதும். 2023 நவம்பரில் தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பயிற்சித் தடங்களைத் தொடங்கியது நல்ல செயல். ஆனால் ஒரே தடத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகமும் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகமும் கலக்கும்போது கோடு போட்டுப் பிரிப்பது உதவும். கோடு இல்லாத இடத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் குளக்கரையில் காலை ஆறிலிருந்து எட்டு வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது என் யோசனை. உடற்பயிற்சிக்கு அது போதாது என்பீர்கள். வேகத்துக்குச் சிறுவாணி சாலை இருக்கிறது, அல்லது ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

கண்ணாடிக்கான பணத்தை அவர் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விழுந்த இடத்திலேயே பணத்தை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். அவர் நாள்தோறும் அதே நேரத்தில் வருபவராக இருந்தால், ஒருநாள் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நடந்து போய் அவரைப் பாருங்கள். முழங்கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், கூடவே ஒரு சுற்று நடங்கள். கண்ணாடிப் பேச்சு தானாக வரும். அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சைக்கிளில் வரும்போது தேவைப்படும்.

அன்புடன்