ரீஸ்லிங் ஒயினும் சாப்பாடும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ரீஸ்லிங் என்றாலே இனிப்புதானே அண்ணா? எனக்கு இனிப்பு ஒயின் ஆகாது.

பதில்: ரீஸ்லிங் ஜெர்மனியின் பெயர்பெற்ற வெள்ளைத் திராட்சை, அதன் ஒயினுக்கும் அதே பெயர். அது இனிப்பு என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது 1970, 80களில் அங்கிருந்து ஏற்றுமதியான லீப்ஃப்ராமில்ஷ் என்ற மலிவான இனிப்பு ஒயின் பாட்டில்கள். வேடிக்கை என்னவென்றால் அதில் பெரும்பாலும் ரீஸ்லிங் திராட்சையே இருக்காது. லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சொல் இல்லையென்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள், நான் கடையில் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் ஆக்குகிறது, பாதியில் நிறுத்தினால் சர்க்கரை மிச்சம் நிற்கும். ஆக 8 சதவீதம் என்றால் இனிப்பு, 12க்கு மேல் என்றால் அநேகமாக இனிப்பு இருக்காது.

கேள்வி: அப்போ காபினெட், ஸ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று போட்டிருப்பது?

பதில்: பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதற்கான படிகள், அவ்வளவுதான். 'ஸ்பேட்லேசே ட்ரோக்கன்' என்றும் பாட்டில் உண்டு, அதாவது நன்றாகப் பழுத்த திராட்சை, ஆனால் இனிப்பில்லாத ஒயின், குழம்ப வேண்டாம்.

கேள்வி: வீட்டில் தாய்லாந்து பச்சைக் கறி, நல்ல காரம். எதைத் திறக்கலாம்?

பதில்: ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பகுதியில் இருந்து வரும் காபினெட், 8 சதவீதம் பக்கம், லேசான இனிப்போடு. காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், சர்க்கரை தணிக்கும். ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் பெருமையாக 13 சதவீத ட்ரோக்கன் ஒன்றைத் திறந்தேன். இரண்டாவது வாய்க்கே எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள், விலை உயர்ந்த பாட்டில் அப்படியே நின்றது. நம் மிளகாய்க் குழம்புக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: ஜெர்மானியர்கள் இதை எதோடு குடிப்பார்கள்?

பதில்: மோசல் கரையில் வெண்ணெயில் பொரித்த ட்ரௌட் மீனோடு ஒரு ட்ரோக்கன் குடித்துப் பாருங்கள், எலுமிச்சை பிழியும் வேலையை ஒயினே செய்துவிடும். கொழுப்பான பன்றி வறுவல், சாவர்க்ரௌட் என்ற புளிக்க வைத்த முட்டைக்கோஸ் இதற்கும் ஒயினின் அந்தப் புளிப்புதான் கைகொடுக்கிறது. வசந்தத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய் வரும், ஜூன் 24 வரை ஊரே அதைத்தான் சாப்பிடும். அதற்கும் ரீஸ்லிங் ஊற்றுவார்கள், ஆனால் என்னைக் கேட்டால் ஃப்ராங்கன் பகுதியின் சில்வானர் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் இன்னும் பொருத்தம். ரீஸ்லிங் ரசிகன் சொல்லக்கூடாதுதான், சரி, உண்மை அது.

கேள்வி: பத்து வருடப் பழைய பாட்டிலில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, கொட்டிவிடாதீர்கள்! டிடிஎன் என்ற வேதிப்பொருள் அது, ரீஸ்லிங்குக்கு வயது ஏற ஏற அதிகமாகும். வெயில் அதிகம் பட்ட திராட்சையில் சீக்கிரமே தெரியும். சிலர் அதற்காகவே பழைய பாட்டில் தேடுகிறார்கள். அடியில் கண்ணாடித் துகள் மாதிரி இருந்தாலும் பயம் வேண்டாம், டார்டாரிக் அமிலத்தின் உப்பு படிந்தது.

கேள்வி: அக்கா பிறந்தநாளுக்கு சாக்லேட் கேக், கூட அவுஸ்லேசே. சரிவருமா?

பதில்: வராது. கேக் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். ஆப்பிள் டார்ட் செய்யுங்கள், இல்லையென்றால் நீலப் பூஞ்சை சீஸ் வாங்கி வையுங்கள், உப்பும் இனிப்பும் சேர்ந்து பிரமாதமாக இருக்கும்.

கேள்வி: எவ்வளவு குளிர வைக்கணும்?

பதில்: 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். ஐஸ் கட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள்.