சுரங்கத்து ரேடானை இடைவிடாமல் அளப்பது ஏன்?

கேள்வி: யுரேனியச் சுரங்கங்களில் அவ்வப்போது காற்று மாதிரி எடுத்து ரேடான் வாயுவை அளந்தால் போதாதா? இரவும் பகலும் ஓடும் கருவிகள் எதற்கு?
– நிலவியல் மாணவி, சேலம்

பதில்: போதாது. பாறையிலுள்ள ரேடியம் சிதையும்போது உண்டாகும் ரேடான், நிறமும் மணமும் அற்ற கதிரியக்க வாயு. விரிசல்கள் வழியாகவும், ஊற்று நீரில் கரைந்தும் சுரங்கப் பாதைக்குள் வந்து சேர்கிறது. வளிமண்டல அழுத்தம் இறங்கும்போதும், வெடி வைத்துப் பாறையைப் பிளக்கும்போதும் அதன் வரத்து கூடும். காற்றோட்ட விசிறி நின்றுவிட்டாலோ, முட்டுச்சந்தான கிளைப் பாதைகளில் மளமளவென ஏறிவிடும். காலையில் எடுத்த மாதிரி மாலை நிலவரத்தைச் சொல்லாது.

ரேடானின் அரை ஆயுள் (பாதியளவு சிதைய ஆகும் காலம்) 3.8 நாள் என்பதால், மூச்சில் நுழைந்ததில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடுகிறது. கேடு செய்வன அதிலிருந்து பிறக்கும் பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்ற சேய்த் தனிமங்களே. அவை தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கி, அங்கேயே ஆல்ஃபா துகள்கள் எனும் கதிர்வீச்சை உமிழ்கின்றன. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய நோய் நுரையீரல் புற்று என்று 1879-லேயே கண்டறியப்பட்டது. அப்படியிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் நவஹோ பழங்குடியினர் உள்ளிட்ட தொழிலாளர்கள் போதிய காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் இறக்கப்பட்டார்கள். அவர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1990-ல்தான் வந்தது. இந்தத் தாமதம் மன்னிக்க முடியாதது.

1956-ல் குஸ்நெட்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த, காற்று மாதிரி எடுக்கும் முறையில், வடிதாள் வழியே சில நிமிடங்கள் காற்றை இழுத்து, 40 முதல் 90 நிமிடங்கள் கழித்து ஆல்ஃபா துகள்களை எண்ணுவார்கள். எளிய, நம்பத்தக்க முறை. ஆனால் விடை வருவதற்குள் அந்தக் காற்றைத் தொழிலாளி சுவாசித்து முடித்திருப்பார்.

தொடர் கருவியில், வடிகட்டி சேய்த் தனிமங்களைத் தடுத்து வாயுவை மட்டும் அறைக்குள் விடும். அறையின் உட்சுவரில் பூசிய துத்தநாக சல்ஃபைடில் ஆல்ஃபா துகள் மோதும்போதெல்லாம் சிறு ஒளிப்பொறி எழும்; அதை உணரி எண்ணிக்கொண்டே இருக்கும். பழைய சேய்த் தனிமங்கள் உள்ளே தங்குவதால் இதுவும் சற்றுப் பின்தங்கியே காட்டும். அரை ஆயுள் 3 நிமிடமே உள்ள பொலோனியம்-218-ஐத் தனியே பிரித்தெண்ணும் சிலிக்கான் உணரிகள் மாற்றத்தை விரைவில் காட்டிவிடும். ஆனால் மின்புலத்தால் பொலோனியத்தை ஈர்க்கும் இவ்வகைக் கருவிகளின் திறனைச் சுரங்கத்து ஈரக் காற்று குறைத்துவிடுவதால், உள்ளே செல்லும் காற்றை உலர்த்தும் பொருளைத் தவறாமல் மாற்றிவர வேண்டும்.

கருவியை விசிறியோடும் எச்சரிக்கை மணியோடும் இணைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அளவு மேலே அலுவலகத் திரையில் மட்டும் தெரிந்தால், கீழே துளையிட்டுக்கொண்டிருப்பவருக்குப் பயனில்லை.

கேள்வி: கதிர்வீச்சை அளக்கத் தொழிலாளிகள் அணியும் வில்லையே போதாதா?
– வாசகர், நெய்வேலி

பதில்: அந்த வில்லையிலுள்ள பிளாஸ்டிக் துண்டில் ஆல்ஃபா துகள்கள் பதித்த தடங்களை, சில மாதங்கள் கழித்து ஆய்வகத்தில்தான் எண்ணுவார்கள். ஒருவர் பெற்ற மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கில் வைக்க அது இன்றியமையாதது. ஆனால் இன்றைய ஷிப்டில் விசிறி நின்றதை அது இன்றே சொல்லாது.