ஆசிரியர் மேசை: கேள்வியும் பதிலும்

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 9 மாணவர்களுக்குத் தமிழ் மொழியும் இலக்கியமும் கற்பிக்கிறேன். இடைவேளைக்குப் பின்னர் வரும் என் பாடவேளையில், கடைசி வாங்கில் இருக்கும் நான்கைந்து மாணவர்கள் மேசையில் தட்டுவதும், வாசிக்கும் பிள்ளையைக் கேலி செய்வதும், கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே பொருந்தாத விடை சொல்வதுமாக வகுப்பையே குழப்புகிறார்கள். வெளியே நிறுத்தினேன், நூறு தடவை எழுதச் சொன்னேன், பயனில்லை. “பிரம்பை எடுத்தால்தான் அடங்குவார்கள்” என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியை ஒருவர், வெல்லாவெளி

பதில்: பிரம்பைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையை இலங்கைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் தடைசெய்துவிட்டது. தரம் 9 மாணவர் ஒருவரை ஆசிரியர் அறைந்ததனால் அந்த மாணவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், சித்திரவதையையும் இழிவான முறையில் நடத்துவதையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. அடிக்குப் பயந்து அடங்கும் பிள்ளை உங்கள் பாடவேளையில் வாய் திறக்க மாட்டான். வாய் திறக்காத பிள்ளைக்கு மொழியைக் கற்பிக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. வாசிக்கும் பிள்ளையை அவர்கள் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கணித பாடத்திலும் அவர்கள் இதே அளவு குழப்படி செய்கிறார்களா என்பதை அந்த ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பாடத்தில் மட்டும்தான் என்றால், அவர்களில் சிலருக்கு உரத்து வாசிக்க வராது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். தரம் 9 வரை வந்துவிட்ட ஒருவன், எழுத்தெழுத்தாகக் கூட்டித் தடுமாறுவதை முப்பது பேர் கேட்பதைவிட, குழப்படிக்காரன் என்று பெயரெடுத்து வெளியே நிற்பதையே விரும்புவான். நீங்கள் வெளியே அனுப்பும்போது, அவன் எதற்குப் பயந்தானோ அதிலிருந்து அவனைக் காப்பாற்றி விடுகிறீர்கள். அடுத்த நாளும் அவன் அதையே செய்வான்.

ஆகவே, வகுப்பின் முன்னால் அவர்களைத் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதைச் சில வாரங்களுக்கு நிறுத்துங்கள். ஒவ்வொருவரையும் காலைக் கூட்டத்துக்கு முன்னரோ, கொப்பி திருத்தும் நேரத்திலோ தனியாக அழைத்து, அரைப் பக்கம் மட்டும் வாசிக்கக் கேளுங்கள். யாருக்கு வாசிப்புத் தடை, யாருக்கு வெறும் சலிப்பு என்பது அப்போதே தெரிந்துவிடும். சலிப்படைந்தவனுக்கு வேலை கொடுத்தால் போதும். தடுமாறுகிறவனுக்கு, அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கிராமங்களில் வடமோடி, தென்மோடி என்னும் நாட்டுக்கூத்துகளைப் பழகும் சிறுவர்கள் இருக்கிறார்கள். பாடநூலின் ஒரு பந்தியை வாசிக்க முடியாதவன், தன் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டைப் பிசகாமல் பாடுவான். அவனைப் பாடச் சொல்லி, நீங்கள் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையே அவன் கையில் கொடுங்கள். அடுத்த சொல் என்னவென்று முன்பே தெரிந்திருப்பதால், விரலை வைத்துக்கொண்டு எழுத்துகளைத் தானே அடையாளம் காண்பான். பிறகு அந்தத் தாளின் சொற்களைக் கலைத்துப் போட்டு வாசிக்கச் செய்யலாம். கூத்துத் தெரியாதவனுக்கு அவன் அம்மம்மா பாடும் கவி இருக்கும், அல்லது கோயிலில் பாடும் காவியம் இருக்கும்.

நூறு தடவை எழுதச் சொல்வதை இன்றே விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். எழுத்தைத் தண்டனையாக்கிவிட்டு, மறுநாள் ஆர்வத்தோடு கட்டுரை எழுது என்று அதே பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தண்டனை தேவையென்றால் அது மொழியோடு தொடர்பில்லாததாக இருக்கட்டும்: வகுப்பைக் குழப்பி வீணாக்கிய நேரத்தை, பாடசாலை விட்ட பின்னர் உங்களோடு இருந்து வகுப்பை ஒழுங்குபடுத்தி ஈடுசெய்யலாம். பேருந்துக்குப் போகவேண்டிய பிள்ளையை மட்டும் மறித்துவிடாதீர்கள். படுவான்கரையில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பாடவேளையின் முதல் ஐந்து நிமிடங்களை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் ஓடி விளையாடி வியர்த்து வரும் பிள்ளைகளிடம் “அமைதி, அமைதி” என்று கத்துவதைவிட, அவர்கள் நுழையும்போதே கரும்பலகையில் ஒரு சிறு வேலை எழுதப்பட்டிருப்பது நல்லது. அந்த நான்கைந்து பேரையும் ஒரே வாங்கில் விடாமல் பிரித்து அமர்த்துங்கள். ஆனால் அதை முழு வகுப்புக்குமான இடமாற்றமாகச் செய்யுங்கள். கண்டிக்கும்போது அருகில் போய்த் தாழ்ந்த குரலில், “தம்பி, இந்த வரியை முடிச்சிட்டுக் காட்டுங்க” என்று சொல்லி உடனே நகர்ந்துவிடுங்கள். எதிரே நின்று பதிலுக்குக் காத்திருந்தால், நண்பர்கள் பார்க்க அவன் எதிர்த்துப் பேசியே ஆகவேண்டிய நிலை வந்துவிடும்.

வீட்டு நிலையையும் விசாரியுங்கள். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளும், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போய் வந்து களைத்திருக்கும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். குற்றப்பட்டியலோடு பெற்றோரை அழைக்க வேண்டாம். பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கேலி ஒரு குறிப்பிட்ட பிள்ளையையே துரத்துவதாகவோ அடிதடியாகவோ மாறினால், தனியே சுமக்காமல் பகுதித் தலைவரிடமும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: சில மாணவர்களின் குழப்படியால் என் மகளுக்குத் தமிழ்ப் பாடம் விளங்குவதில்லை. அதிபரிடம் முறையிடலாமா?
– தாய் ஒருவர், திருக்கோவில்

பதில்: முதலில் அந்தப் பாட ஆசிரியரையே சந்தியுங்கள். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதைவிட, எந்தப் பாடம் மகளுக்கு விளங்கவில்லை என்று கொப்பியைக் காட்டிச் சொன்னால், ஆசிரியருக்கும் உதவி செய்ய ஒரு வழி கிடைக்கும். இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் இல்லையென்றால் வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதற்குப் பின்னரே அதிபர். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் மட்டும் எழுதாதீர்கள். அங்கே பெயர் அடிபடும் பிள்ளையின் தாயும் அதை வாசிப்பார்.