கல்லறையில் பெயர் படிக்கும் சிறுமி

கேள்வி: கிரேக்க விடுதலைப் போர்த் தளபதி மார்க்கோஸ் போட்சாரிசின் நினைவாகப் பிரெஞ்சுச் சிற்பி ஒருவர் வடித்த சிலையில் அந்த வீரரின் உருவமே இல்லையாமே? அப்படியானால் அது எவ்வாறு அவருக்குச் செய்த சிறப்பாகும்?

பதில்: உண்மைதான். அவரது உருவம் அதில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. என் மதிப்பீட்டில், அதுவே அச்சிற்பத்தின் பெருமை.

எப்பிரஸ் மலைநாட்டுச் சூலியோட் இனத்தவரான போட்சாரிஸ், 1823 ஆகஸ்டில் கார்பெனிசி அருகே, தம் படையைவிடப் பன்மடங்கு பெரிதான ஒட்டோமான் (துருக்கியப் பேரரசின்) பாசறையின்மீது சில நூறு வீரர்களோடு இரவில் பாய்ந்து, அந்தச் சண்டையிலேயே குண்டடிபட்டு இறந்தார். அவரை அடக்கம் செய்த மிசோலோங்கி நகரில்தான் அடுத்த ஆண்டு, கிரேக்கர்களுக்குத் துணைநிற்க வந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் காய்ச்சலால் உயிர்நீத்தார். கிரேக்கர்களுக்காக ஐரோப்பாவெங்கும் எழுந்த ஆதரவு, அதாவது கிரேக்க நேசம், இந்த மரணங்களால் மேலும் கொழுந்துவிட்டது. அதில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்களுள் ஒருவர்தான் இச்சிலையை வடித்த சிற்பி பியேர்-ழான் டாவிட். புகழ்பெற்ற ஓவியர் ஒருவருக்கும் டாவிட் என்பதே பெயராக இருந்ததால், தாம் பிறந்த ஆஞ்ஜே நகரின் பெயரைச் சேர்த்து டாவிட் தாஞ்ஜே என்று தம்மை அழைத்துக்கொண்டவர் இவர்.

ஒரு கல்லறைத் தோட்டத்தில், கல்லில் பொறித்திருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த குழந்தையைக் கண்டதே இச்சிற்பத்துக்கு வித்தானது என்பர். 1827-இல் அவர் முடித்த பளிங்குச் சிலையில், ஆடையற்ற இளம் கிரேக்கச் சிறுமி ஒருத்தி கல்லறைப் பலகையின்மேல் படுத்தபடி, போட்சாரிஸ் என்னும் பெயரின் எழுத்துகளை விரலால் தொட்டு வாசிக்கிறாள். அவள் அழவில்லை, வாசிப்பில் ஆழ்ந்திருக்கிறாள். அவளைப் புதிதாகப் பிறக்கும் கிரேக்கமாகவே கொள்ள வேண்டும். வாளோங்கிய வீரனைச் செதுக்கியிருந்தால் நாம் ஒரு மனிதரின் துணிவை மட்டுமே கண்டிருப்போம். இங்கோ, இன்னும் பிள்ளைப் பருவம் கடவாத ஒரு நாடு, தனக்காக மாண்டவனின் பெயரை எழுத்தெழுத்தாகக் கற்றுக்கொள்வதைக் காண்கிறோம்.

இச்சிலையை டாவிட் கிரேக்கத்துக்கே அன்பளிப்பாகத் தந்தார். அது மிசோலோங்கியில் போட்சாரிசின் கல்லறைமேல் வைக்கப்பட்டது. பிரான்சில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபின் நாடுகடத்தப்பட்ட டாவிட், 1852-இல் கிரேக்கம் சென்று தம் சிலையைப் பார்த்தபோது, அது சிதைக்கப்பட்டுக் கிடந்தது. கூலி கருதாமல் ஒரு மக்களுக்காகச் செதுக்கிய கை, முதுமையில் அந்த உடைந்த பளிங்கின்முன் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பின்னர்ச் செப்பனிடப்பட்ட மூலச்சிலை இப்போது ஏதென்சில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்திலுள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிசோலோங்கி வீரர் தோட்டத்தில் இருப்பது அதன் நகல். பிரான்சுக்குச் செல்வோர், ஆஞ்ஜே நகரில் டாவிட்டின் படைப்புகளுக்கென்றே அமைந்துள்ள கூடத்தில் இச்சிறுமியின் சுதை வடிவத்தைக் காணலாம்.